பாரதி மாற்றிப் பாடச் சொன்ன பாட்டு: வீட்டு அறையில் ஒரு கவர் பதிவு

கண்ணன் பாட்டில் 'கண்ணம்மா - என் குழந்தை' என்ற பகுதியைத் திறந்தால், பாட்டு தொடங்குவதற்கு முன் பாரதி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருப்பார். ராகம் பைரவி, தாளம் ரூபகம். அதன் கீழே 'ஸஸஸ - ஸாஸா - பபப' என்று தொடங்கும் நாலு ஸ்வர வரிசைகள். கடைசியில், இந்த வரிசைகளை மாதிரியாக வைத்துக்கொண்டு 'மனோபாவப்படி மாற்றிப் பாடுக' என்று ஒரு வரி. கண்ணன் பாட்டின் முதல் பதிப்பு பரலி சு. நெல்லையப்பர் முயற்சியில் 1917இல் வந்தது. கவர், அதாவது ஏற்கெனவே இருக்கும் பாட்டை வேறொருவர் தன் வழியில் பாடுவது, அதற்கான அனுமதியைப் பாட்டின் தலையிலேயே அச்சிட்டு வைத்த வேறொரு தமிழ்க் கவிஞர் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' என்றதும் நம் காதில் ஒலிப்பது பைரவி இல்லை. 1951இல் வந்த 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் போட்ட மெட்டு. எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடியது. காப்பி ராகத்தில் தொடங்கி, போகப்போக ராகம் மாறிக்கொண்டே போகும் ராகமாலிகை. எம்.எல்.வி. பிறகு கச்சேரி மேடைகளுக்கும் அதைக் கொண்டுபோனார், அவர் வழியில் வந்தவர்களும் பாடினார்கள். இன்று கிட்டார், கீபோர்டு வைத்து இளைஞர்கள் பாடி ஏற்றும் வடிவங்களில் நான் கேட்டவை எல்லாமே அந்த 1951 பதிவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

என் அக்கா மகள் சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள். நான் கிட்டார் வாசிப்பேன், வீட்டில் ஒரு மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. "மாமா, இந்தப் பாட்டை நாம ஒண்ணு பண்ணலாமா?" என்று அவள் கேட்டபோது, முதலில் 1951 பதிவை முழுசாகப் படித்துவிட்டு, பாரதியின் ஸ்வரங்களையும் ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மைக் முன்னால் உட்கார வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த வேலை எப்படிப் போனது என்பதை, இதே மாதிரி வீட்டில் பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

யாருக்குச் சொந்தம்

பழைய பாட்டைக் கையில் எடுக்கும்போது இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை தனித்தனி. வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அப்புறம் 60 ஆண்டுகள்.

பாரதியின் வரிகளில் சிக்கலே இல்லை. 1949இலேயே சென்னை மாகாண அரசு அவர் பாடல்களின் உரிமையைப் பொதுவுக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் அந்தப் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை ஏவி.மெய்யப்பன் கையில் இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் அந்த வழியில் வந்தவைதான். 1949க்கு இரண்டே ஆண்டு கழித்து, 'மணமகள்' என்ற வேறொரு தயாரிப்பில் பாரதி பாட்டு இவ்வளவு தாராளமாக ஒலித்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுப்பராமன் 1952இல், வெறும் 28 வயதில் காலமானார். அந்தக் கணக்கில் அவர் மெட்டின் உரிமைக்காலம் 2012 முடிவோடு தீர்ந்தது. 1951 ஒலிப்பதிவின் காலம் 2011 முடிவோடு தீர்ந்தது. ஆக, அந்த மெட்டை எடுத்துப் பாடலாம், மாற்றியும் பாடலாம்.

உரிமைக்காலம் முடியாத பாட்டு என்றால் கதை வேறு. 2012 திருத்தத்தில் சேர்ந்த 31சி பிரிவுதான் இப்போது கவர் பதிவுகளுக்கான சட்டம். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மீறி வரியையோ மெட்டையோ மாற்றக் கூடாது. வீட்டு அறையில் உட்கார்ந்து பாடுகிறவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டமாக எனக்குப் படவில்லை. ஒரு பக்கம் 'மாற்றாதே' என்கிற சட்டம், இன்னொரு பக்கம் 'மாற்றிப் பாடுக' என்கிற கவிஞர். நாங்கள் இந்தப் பாட்டிலேயே நின்றதற்கு இது பெரிய காரணம்.

மூலப் பதிவைக் கேட்பது

இணையத்தில் கிடைக்கும் 1951 பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், சுருதி ஒன்றுக்கொன்று ஒத்துவராது. பழைய பாட்டு எல்லாவற்றிலும் இது உண்டு. இசைத்தட்டிலிருந்து எடுத்தவர் தட்டைச் சுழற்றிய வேகம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் பெரிய வித்தியாசம் வருவது படத்திலிருந்து எடுத்த பிரதிகளில். சினிமாச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். நம் ஊர்த் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. படத்தைத் தொலைக்காட்சிக்கும் விசிடிக்கும் மாற்றியபோது பெரும்பாலும் 25இல் ஓட்டிவிடுவார்கள். பாட்டு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வேகமாகும், சுருதியும் ஏறும். அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்கு ஏற்றம் அது. குரல் மெலிந்து, ஒரு அவசரத்தோடு கேட்கும். அதையே மூலம் என்று நம்பிக் கற்றால், எம்.எல்.வி. பாடாத வேகத்தைக் கற்றுக்கொள்வோம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய பதிவுகளில் மின்சார இரைச்சல் மெல்லியதாகப் பதிந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50இலும் அதன் இரட்டிப்பான 100இலும் கோடு விழும். சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து, கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கி, வாத்தியம் ஓய்கிற இடங்களில் பார்த்தேன். என்னிடம் இருந்த படப் பிரதியில் 100இல் ஒரு கோடு, 104ஐ ஒட்டி இன்னொரு மங்கலான கோடு. 100இல் இருப்பது பிரதி எடுத்த கருவியின் இரைச்சல். 104இல் இருப்பது மூலத்தோடு வந்து, வேகம் கூடியதால் மேலே நகர்ந்த இரைச்சல். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தைச் சரியாக 4 சதவீதம் குறைத்ததும் அந்தக் கோடு 100க்கு இறங்கியது. பாட்டும் இறங்கி உட்கார்ந்தது. இசைத்தட்டிலிருந்து வந்த பிரதியோடு ஒப்பிட்டதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. அந்த வேகத்தில் கேட்டபோது அக்கா மகள் சொன்னது: "மாமா, இப்பத்தான் அவங்க நிதானமா பாடுறாங்க."

அப்புறம் குரலைத் தனியே பிரித்துக் கேட்டோம். டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது ஒரே தடத்தில் இருக்கிற பழைய பதிவிலிருந்தும் குரலை ஓரளவு உரித்தெடுக்கின்றன. கேட்டு ரசிக்க அது உதவாது. ஓரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி குழைந்துவிடும். ஆனால் ஒரு சொல்லின் மேல் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க நன்றாக உதவும். பாதி வேகத்தில் ஓட்டி, வரிக்கு வரி நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, கவர் பாட நினைக்கும் யாருக்கும் இதை விட்டுவிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பின்னால் மாற்றப்போகிறோம் என்றாலும், எதை மாற்றுகிறோம் என்பது கையில் இருக்க வேண்டும்.

எழுதி வைத்ததில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பாட்டின் அடிகளில் நடுவே ஒரு சொல் தனியாக நிற்கும், சிந்துப் பாடல்களின் தனிச்சொல் மாதிரி. முதல் அடியில் அது 'கண்ணம்மா'. அடுத்த அடியில் 'உலகில்': 'என்னைக் கலி தீர்த்தே - உலகில் - ஏற்றம் புரிய வந்தாய்'. பிறகு 'உச்சிதனை முகந்தால் - கருவம் - ஓங்கி வளருதடீ'. அந்தச் சொல் முன்னாலும் சாயாமல் பின்னாலும் சாயாமல் நடுவில் நிற்கிறது. எம்.எல்.வி. அந்த இடத்துக்கு வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு ஓடுவதில்லை. இப்போது வருகிற பல வடிவங்களில் முதலில் தொலைவது இந்த நிற்றல்தான். பாட்டு மூன்று மூன்றாக நடப்பது, அடியில் திரும்பத் திரும்ப ஓடவிடும் தாளத் துண்டான லூப்போ நாலு நாலாக ஓடுவது. லூப்புக்குள் அடங்குவதற்காக நடுச்சொல்லை இழுப்பார்கள், அல்லது அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுவார்கள். 'கருவமோங்கி' என்று காதில் விழும். குரல் இனிமையாக இருந்தும் ஏதோ இடறுகிறதே என்று எனக்கு நெடுநாள் தோன்றிக்கொண்டிருந்தது. காரணம் இதுதான் என்று நோட்டைப் பார்த்த பிறகு புரிந்தது.

இன்னொரு வடிவம், பழைய உறவு

1987இல் 'நீதிக்கு தண்டனை' படத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில் இதே பாட்டு மறுபடி வந்தது. யேசுதாஸோடு பாடிய ஸ்வர்ணலதாவுக்குத் திரையில் அதுவே முதல் பாட்டு. அப்போது அவர் பதின்ம வயதில் இருந்தார். இங்கே என்னை மிகவும் நெகிழ வைப்பது வேறொன்று. எம்.எஸ்.வி. இளைஞராக இருந்தபோது சுப்பராமனின் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். டி.கே.ராமமூர்த்தி அங்கே வயலின். சுப்பராமன் திடீரென்று போனபோது அவர் பாதியில் விட்ட 'தேவதாஸ்' வேலையை முடித்துக் கொடுத்தவர்களே இந்த இருவரும்தான். குருவின் மெட்டில் நிலைத்துப்போன ஒரு பாட்டை 36 ஆண்டு கழித்து அவர் கையில் எடுக்கிறார். 1951இல் போலவே ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த உறவும் கூடவே நினைவுக்கு வரும்.

பாடம் கேட்பதற்காக அதையும் பல முறை ஓட்டினோம். ஆனால் அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. எம்.எஸ்.வி. 2015இல் மறைந்தார். அந்தப் படத்துக்காக அவர் செய்த இசையின் உரிமை 2075 முடிவு வரை இருக்கும்.

பாட்டில் மொத்தம் 10 கண்ணிகள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று 2002இல் ஒரு படம், 'உச்சிதனை முகர்ந்தால்' என்று 2011இல் ஈழத்துச் சிறுமியின் துயரத்தைச் சொன்ன ஒரு படம் என்று, கண்ணிகளின் முதல் சொற்கள்கூடத் தலைப்பாகிவிட்டன. ஆனாலும் 10 கண்ணிகளையும் யாரும் பாடுவதாகத் தெரியவில்லை. 'இன்பக் கதைகளெல்லாம் உன்னைப்போல் ஏடுகள் சொல்வதுண்டோ' என்ற கண்ணி எவ்வளவு அழகு! கட்டாயம் வேண்டும் என்று அதைச் சேர்த்துக்கொண்டோம்.

பைரவியைப் பாடிப் பார்த்தது

பாரதியின் ஸ்வர வரிசையை எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் வயலின் சொல்லித்தரும் டீச்சரிடம் போனோம். முதல் வரிசையில் ஸட்ஜத்தில் ('ஸ') நின்று நின்று, நேரே பஞ்சமத்துக்கு ('ப') தாவல். 'ஸஸஸ - ஸாஸா - பபப'. அப்புறம் 'தநீத - பதப - பா'. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பைரவியில் இரண்டு தைவதம் ('த') வரும், ஏறும்போது சதுஸ்ருதி என்ற மேல் தைவதம், இறங்கும்போது சுத்தம் என்ற கீழ்த் தைவதம். 'தநீத' என்பதில் எதை வைப்பது?

டீச்சர் வயலினை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மேல் ஸட்ஜத்தைப் பார்த்துப் போனாத்தானே சதுஸ்ருதி? இது நிஷாதத்தைத் தொட்டுட்டு பஞ்சமத்துக்கே திரும்புது. சுத்த தைவதமே போடுங்க." போட்டார். அந்த ஒரு பிடியிலேயே பாட்டின் முகம் வேறாகிவிட்டது. காப்பியில் இந்தப் பாட்டு கொஞ்சுகிறது. பைரவியில் அது வணங்குகிறது. பாட்டின் தலைப்புக்குக் கீழே 'பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு' என்று பாரதி எழுதியிருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தை என்று நினைத்துப் பாடினாலும் எதிரில் இருப்பது யார் என்று அந்தத் தைவதம் நினைவுபடுத்துகிறது.

பாட்டு முழுவதையும் பைரவியிலேயே கொண்டுபோகலாமா என்று யோசித்தோம். டீச்சர் வேண்டாம் என்றார். கொடுத்திருப்பது நாலு வரிசைதான், அதை விரித்து 10 கண்ணிக்கும் மெட்டாக்க வேண்டுமென்றால் அவளுக்குப் பைரவியில் இன்னும் பயிற்சி வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் சொன்னதில் எனக்கு முழு நம்பிக்கை. அதனால் இப்படி முடிவு செய்தோம்: முதல் கண்ணியைத் தம்புராவோடு மட்டும், பாரதி கொடுத்த வரிசைப்படி பைரவியில். பிறகு அதே முதல் கண்ணியை 1951 மெட்டில் மறுபடி எடுத்து, கிட்டார் சேர்ந்து, தொடர்ந்து போவது.

இந்த மாற்றத்துக்கு ராகங்களே கைகொடுத்தன. இரண்டு ராகத்துக்கும் ரிஷபம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், நிஷாதம் பெரும்பாலும் பொது. பைரவி சுத்த தைவதத்தில் நிற்கும் இடத்தில் காப்பி சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். முதல் கண்ணியின் முடிவில் ஸட்ஜத்தில் நின்று, ஒரு மூச்சு விட்டு, காப்பியில் அவள் மறுபடி 'சின்னஞ்சிறு' என்று தொடங்கும்போது அறையில் விளக்குப் போட்டது போல் இருந்தது.

கிட்டாரும் தாளமும்

காப்பிக்குக் கார்டு போடுவது ஆபத்தான வேலை. அவள் சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி. காப்பியில் சாதாரண காந்தாரம் என்ற கீழ்க் காந்தாரம் ('க') பிரதானம், இடையிடையே அந்தர காந்தாரம் என்ற மேல் காந்தாரமும் அழகுக்கு வந்து போகும். ஜி மேஜர் போட்டால் சாதாரண காந்தாரம் உரசும். ஜி மைனர் போட்டால் அந்தரம் வரும் இடம் உரசும், போதாததற்குப் பாட்டு முழுக்கச் சோகமாகிவிடும். இன்று வரும் பல கிட்டார் வடிவங்களில் மைனர் கார்டுகள்தான் ஆட்சி செய்கின்றன. தாலாட்டு மாதிரி இருந்த பாட்டு பிரிவுப் பாட்டாக மாறிவிடுவது அதனால்தான்.

காந்தாரமே இல்லாத சுருதிச் சேர்க்கை எனக்கு வேண்டியிருந்தது. டிஏடிஜிஏடி என்று ஒரு பழைய டியூனிங் இருக்கிறது, 1960களில் டேவி கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கிட்டார் கலைஞரால் பரவியது. டி தான் ஸட்ஜம் என்று வைத்தால் ஆறு தந்தியும் ஸ-ப-ஸ-ம-ப-ஸ. தம்புராவின் சொந்தக்காரன் மாதிரியான அமைப்பு. ஐந்தாம் ஃப்ரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் ஸட்ஜம் ஜிக்கு வந்துவிடும். அதன் மேல் கார்டு என்று எதுவும் போடாமல், திறந்த தந்திகளை மீட்டி, பாட்டின் ஸ்வரங்களை மேல் தந்தியில் ஆங்காங்கே தொட்டு மட்டும் வாசித்தேன். காந்தாரத்தை முழுக்கக் குரலுக்கே விட்டுவிட்டேன். குரல் அதை அசைக்கும்போது கீழே எதுவும் தடுக்காமல் இருப்பது பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

தாளத்துக்கு மெட்ரோனோம் வைத்துப் பாடிப் பார்த்தாள். நடுச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் கிளிக் சத்தம் அவளைத் துரத்தியது. 1951 பதிவில் தட்டுகளைக் குறித்துப் பார்த்திருந்தேன். இடைவெளிகள் ஒரே அளவாக இல்லை, வரி முடிவுகளில் லேசாக நீள்கின்றன. எல்லா வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒன்றாக இருந்து, ஒரே தடத்தில் பாடி முடித்த காலம் அது. பாடகர் நின்றால் மற்றவர்களும் நிற்பார்கள்.

அதனால் வேலையின் வரிசையைத் திருப்பினோம். வழக்கமாகத் தாளம் முதலில், குரல் கடைசியில். நாங்கள் குரலை முதலில் பதிந்தோம். காதில் தம்புரா மட்டும், கையில் தாளம். பிறகு ரீப்பர் மென்பொருளில் அவள் தாளத் தட்டுகளுக்கு ஏற்ப டெம்போ குறிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். அந்தக் குறிகளின் மேல் கிட்டார். கடைசியாக டீச்சரிடம் வரும் ஒரு தம்பி கஞ்சிரா வாசித்தார். அவருக்குக் கிளிக் கொடுக்கவில்லை, குரலை மட்டும் காதில் போட்டோம். "அக்கா எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா போதும்ணே" என்றார். அப்படியே நின்றார்.

பதிவு

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரில் மைக், பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்த மெத்தை. மின்விசிறி அணைத்தாகிவிட்டது. இரவு பத்துக்கு மேல்தான் தெரு அடங்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் மூக்கு உயரத்தில் வைத்ததில் 'ப', 'ச' ஓசைகள் முட்டவில்லை. உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத அளவில் கெயின். 24 பிட்டில் பதிந்தால் இவ்வளவு இடம் விட்டாலும் இரைச்சல் ஏறாது.

பெரிய விவாதம் நடந்தது வேறொன்றில். பல டேக் எடுத்து, நல்ல துண்டுகளை ஒட்டலாமா, ஒரே மூச்சில் பாடியதை வைப்பதா? அவள் இரண்டையும் செய்து கேட்டாள். ஒட்டியதில் ஒவ்வொரு வரியும் சுத்தம். ஆனால் 'சற்று முகம் சிவந்தால்' என்ற கண்ணியிலிருந்து 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' என்ற கண்ணிக்குப் போகும்போது குரலில் சேர்ந்துகொண்டே வரும் கனம் அதில் இல்லை. முதலில் குழந்தையின் முகம் சிவக்கிறது, நெற்றி சுருங்குகிறது, அப்புறம் கண்ணில் நீர், உடனே இவன் நெஞ்சில் உதிரம் கொட்டுகிறது. படிப்படியாக ஏறுகிற வரிகள். துண்டு துண்டாகப் பாடினால் படி இருக்கும், ஏற்றம் இருக்காது. ஒரே மூச்சில் பாடியதில் ஒரு இடத்தில் மூச்சு வாங்குவது கேட்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

சுருதித் திருத்தம் பற்றி நண்பர்கள் கேட்டார்கள். ஒரு பிரதியில் போட்டுப் பார்த்தேன். காப்பியின் காந்தாரம் ஒரு புள்ளி இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அசைகிற ஒரு தொட்டில். மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்வரங்களில் ஒட்டவைத்தது. வழுக்கிப் போன குரல் படிக்கட்டு இறங்கியது. அசைவை விட்டுவைக்கும் அளவுக்குத் திருத்தத்தைத் தளர்த்தினால் அது எதையும் திருத்துவதும் இல்லை. மொத்தமாக எடுத்துவிட்டேன். இந்த வகைப் பாட்டுக்கு அந்தக் கருவி தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மிக்ஸில் செய்தது கொஞ்சம்தான். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய லேசான கம்ப்ரெஷன், ஒரு நொடிக்குச் சற்று மேற்பட்ட ரிவர்ப் என்ற எதிரொலி. கிட்டார் கொஞ்சம் இடப்பக்கம், கஞ்சிரா கொஞ்சம் வலப்பக்கம். முதலில் மோனோவில் வைத்தே அளவுகளைச் சரிசெய்தேன். பழைய பதிவை நெடுநாள் கேட்டதன் பழக்கம் அது. ஒரே புள்ளியிலிருந்து எல்லாம் வந்தும் எம்.எல்.வி.யின் ஒரு சொல்கூட மறையவில்லையே! மோனோவில் எல்லாம் பிரிந்து கேட்டால் ஸ்டீரியோவில் தானாகக் கேட்கும். முடிவில் சத்த அளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் பக்கம் நிறுத்தினேன். அதற்கு மேல் அழுத்தினால் யூடியூப் தானே குறைத்துவிடும், மெல்லிய இடங்கள் கெட்டதுதான் மிச்சமாகும்.

ஏற்றிய பிறகு

விளக்கப் பகுதியில் எல்லார் பெயரையும் எழுதினோம்: பாட்டு பாரதியார், பைரவி ஸ்வர வரிசை கண்ணன் பாட்டிலிருந்து, மெட்டு சி.ஆர்.சுப்பராமன், 1951இல் பாடியவர்கள் எம்.எல்.வசந்தகுமாரி, வி.என்.சுந்தரம். கவர் ஏற்றுகிற பலர் மெட்டுப் போட்டவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். 28 வயதில் போன ஒருவரின் பெயரை ஒரு வரியில் எழுதுவதற்கு என்ன குறைச்சல்?

சில நாளில் தானியங்கி உரிமைக் கோரல் ஒன்று வந்தது. பழைய பாட்டுகளைப் பாடுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மறுப்புப் படிவத்தில் மூன்று விஷயத்தை மட்டும் எழுதினேன்: குரலும் வாத்தியமும் எங்கள் சொந்தப் பதிவு, கவிஞர் இறந்தது 1921, இசையமைப்பாளர் இறந்தது 1952. கோரலை விலக்கிக்கொண்டார்கள். இந்த ஆண்டுகளை முன்பே குறித்து வைத்திருந்தால் மறுப்பு எழுத அரை மணி நேரம்கூட ஆகாது.

அக்கா மகள் இப்போது டீச்சரிடம் பைரவி வர்ணம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் விட்டுவிட்ட கண்ணிகளில் 'சொல்லும் மழலையிலே', 'மார்பில் அணிவதற்கே' இரண்டையும் பாரதியின் மூன்றாம், நாலாம் வரிசைகளில் உட்காரவைத்துப் பார்க்கிறாள். 'பமா - கரிஸா' என்று இறங்கும் இடத்தில் 'துன்பங்கள் தீர்த்திடுவாய்' நன்றாகப் பொருந்துகிறது. 'வைர மணிகளுண்டோ' இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கேள்விக்கு மேலே போகிற பிடி ஒன்று வேண்டும் என்கிறாள், டீச்சர் இறங்கியே கேட்கலாம் என்கிறார். இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறேன்.